டேக் வைத்து 60 தொடர்: மனப்பாடம் செய்தும் ஏன் மண்டையில் நிற்கவில்லை?

வாசகர் கேள்வி: வேலை காரணமாக தினமும் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. இலக்கணம் ஓரளவு சரியாக வரும், மின்னஞ்சல் எழுதவும் பயமில்லை. ஆனால் மீட்டிங்கில் மற்றவர்கள் டேக் ஆன், புட் ஆஃப், கெட் த்ரூ என்று பேச ஆரம்பித்தால் பாதி புரிவதில்லை. அதனால் 'டேக்' என்ற ஒரே வினைச்சொல்லில் வரும் 60 தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. இவற்றை எப்படித்தான் படிப்பது? நடுவில் எப்போது பிரிக்கலாம், எப்போது கூடாது? இந்தத் தொடர்களைத் தொடாமலேயே காலத்தை ஓட்டிவிட முடியாதா? பின்குறிப்பு: பஸ்ஸிலிருந்து இறங்கியதை 'காட் டவுன்' என்று சொன்னேன், வெளிநாட்டு சக ஊழியர் சிரித்துவிட்டார். ஏன்?

பதில்:

வணக்கம். முதல் வேலையாக அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். கிழித்துப் போட வேண்டாம், பின்னால் ஒரு காரியத்துக்கு ஆகும், ஆனால் உட்கார்ந்து உருப்போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். எல்லாம் கலந்துபோனதற்கு உங்கள் ஞாபக சக்தியைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் வரும் சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பின்னால் வருவதோ இன், ஆன், அப், அவுட் என்று வாயில் நுழைவதற்குள் முடிந்துபோகிற துக்கடாக்கள், அர்த்தங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் 60. இதை ஒரே மூச்சில் ஏற்றினால் யாருக்குமே குழம்பத்தான் செய்யும். தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-லும் 1997-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்: சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர் என்று ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கற்பதற்கு, ஒட்டுறவே இல்லாத சொற்களைக் கற்பதைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. அவர் எடுத்துக்கொண்டது தனிச்சொற்களை. ஃப்ரேசல் வெர்ப் (டேக் ஆன், புட் ஆஃப் மாதிரி வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து வரும் தொடர்) விஷயத்திலும் வகுப்பில் நான் பார்ப்பது இதேதான், இன்னும் மோசமாக. 'கெட் வைத்து 100 தொடர்கள்' மாதிரியான பட்டியல்கள் புரட்டிப் பார்க்க நல்லவை, படிக்க லாயக்கில்லாதவை.

இது உங்களுக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தைத் திருப்பிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் ரொம்ப அதிகம், வேற்றுமொழிக்காரர்களை மிகவும் திணறடிப்பதும் இதுதான் என்று. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் அச்சில் வந்ததுகூட ரொம்பப் பிற்பாடு, 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதியதில்.

ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'எழுதினான்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டான், எழுதிக்கொண்டான், எழுதிக்கொடுத்தான், எழுதிப் பார்த்தான், எழுதித் தள்ளினான், எழுதித் தொலைத்தான். கடைசி இரண்டில் யாரும் எதையும் தள்ளவில்லை, எதுவும் தொலையவும் இல்லை. பின்னால் ஒட்டிய சொல் தன் சொந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததா, யாருக்காகச் செய்தான், ஆர்வமாகவா சலிப்போடா என்று சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, காதில் விழுந்தே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அப், ஆஃப், அவுட், ஆன், ஓவர், த்ரூ எல்லாம் கிட்டத்தட்ட இந்த மாதிரி வேலைதான் செய்கின்றன. யூஸ் என்றால் பயன்படுத்து, யூஸ் அப் என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. ஃபில் அப், டிரை அப், ஈட் அப் எல்லாவற்றிலும் அந்த அப் நம் 'விடு'தான், மேலே போவதோடு சம்பந்தமில்லை. ரீட் ஆன், டிரைவ் ஆன், கேரி ஆன் என்பவற்றில் ஆன் நம் 'கொண்டே இரு'. அதாவது நீங்கள் டேக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள், பிடிக்க வேண்டியது அதன் வாலை, பின்னால் ஒட்டும் அந்தச் சின்னச் சொல்லை.

டேக் ஆஃப் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆஃப் என்பதன் அடியில் இருக்கும் படம், ஒட்டியிருந்தது விடுபடுவது. காலில் ஒட்டியிருந்த ஷூவைக் கழற்றினால் டேக் ஆஃப். தரையில் ஒட்டியிருந்த விமானம் கிளம்பினால் டேக் ஆஃப். வேலையிலிருந்து ஒரு நாள் விடுபட்டால் டேக் எ டே ஆஃப். ரொம்ப நாள் தரையிலேயே உருண்டுகொண்டிருந்த ஒரு தொழில் திடீரென்று சூடுபிடித்தால் அதுவும் டேக் ஆஃப், விமானத்தை நினைத்துக்கொண்டால் மறக்காது. சொல்லாமல் கொள்ளாமல் இடத்தைக் காலி செய்தவனையும் ஹி டுக் ஆஃப் என்பார்கள். பட்டியலில் இவை ஐந்து தனித்தனி வரிகளாக இருந்திருக்கும், நீங்களும் ஐந்தாகத்தான் படித்திருப்பீர்கள். இப்போது டேக்கைக் கழற்றிவிட்டு ஆஃப்-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்: கட் ஆஃப் துண்டிப்பது, கால் ஆஃப் நடக்கவிருந்ததை ரத்து செய்வது, பே ஆஃப் கடனை முழுக்க அடைத்து வெளியே வருவது, லே ஆஃப் ஆளை வேலையிலிருந்து விலக்குவது, ஸீ ஆஃப் ஒருவரை வழியனுப்புவது, புட் ஆஃப் ஒத்திப்போடுவது. (கடைசியில் தமிழிலும் 'போடு'தான் வந்து நிற்கிறது.)

இதே கண்ணோடு மற்ற டேக்குகளையும் பார்க்கலாம். டேக் ஆன் என்றால் தலைமேல் போட்டுக்கொள்வது: ஒரு பொறுப்பை, ஒரு ப்ராஜெக்டை, புதிதாக ஆட்களை, சில சமயம் ஒரு எதிராளியையே. டேக் ஓவர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கடப்பது. அங்கே கொடுப்பவர் செய்வது ஹேண்ட் ஓவர், வாங்குபவர் செய்வது டேக் ஓவர். டேக் இன் உள்ளே வாங்குவது, அதனால் சொன்னதை உள்வாங்கிக்கொள்வதும் டேக் இன், போக்கிடம் இல்லாதவருக்கு வீட்டில் இடம் கொடுப்பதும் டேக் இன், தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பதும் டேக் இன். சரி, அப்படியானால் ஐ வாஸ் டேக்கன் இன் என்றால்? நான் ஏமாந்துபோனேன் என்று அர்த்தம். இங்கே படத்தை ரொம்ப இழுத்தால்தான் பொருந்தும், இழுக்காமல் இருப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கிளம்பும் ஆசிரியர்களை நான் நம்புவதில்லை. மேக் அப் என்றால் முகத்துக்குப் பூசுவது, கதை கட்டுவது, சண்டைக்குப் பிறகு சமாதானமாவது. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயல்வதைவிட மூன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்வது சுலபம். டேக் ஆஃப்டர் என்றால் பெற்றோரின் சாடையோ குணமோ பிள்ளைக்கு இருப்பது, இதில் ஆஃப்டர் ஏன் வந்தது என்று கேட்டால், 'அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்' என்பதில் யார் எதை உரித்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மற்ற வால்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டவுன் பெரும்பாலும் குறைவது, தணிவது, நின்றுபோவது: ஸ்லோ டவுன், காம் டவுன், ப்ரேக் டவுன். அவுட்டுக்கு இரண்டு முகம், ஒன்று தீர்ந்துபோவது, இன்னொன்று மறைந்திருந்தது வெளியே தெரிவது: ரன் அவுட், ஃபைண்ட் அவுட். பேக் திரும்ப, இதில் சிக்கலே இல்லை. ஓவர் பல இடங்களில் முழுக்க ஒருமுறை பார்வையை ஓட்டுவது: திங்க் ஓவர், லுக் ஓவர், கோ ஓவர். த்ரூ இந்தக் கடைசியில் நுழைந்து அந்தக் கடைசியில் வெளியே வருவது, அதனால்தான் கஷ்ட காலத்தைக் கடப்பதும் போன் லைன் கிடைப்பதும் கெட் த்ரூ என்றே சொல்லப்படுகிறது.

அடுத்து, எத்தனை படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கார்ட்னர், டேவிஸ் என்ற இருவர் 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பை அலசி 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் வரும் இடங்களில் பாதிக்கு மேல் வெறும் 100 தொடர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கோ ஆன், கேரி அவுட், செட் அப், பிக் அப் எல்லாம் அதில் முன்வரிசைக்காரர்கள். ஒரு சிக்கல், அந்த நூறில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்தரைக்கு மேல் அர்த்தங்கள். அதையும் சலித்தெடுத்து 2015-ல் கார்னியே, ஷ்மிட் என்ற இன்னும் இருவர் 150 தொடர்களுக்கு அடிக்கடி புழங்கும் அர்த்தங்களை மட்டும் வடிகட்டினார்கள், மொத்தம் 288 வந்தது. ஒரு தொடருக்குச் சுமார் இரண்டு. இது ஒரு வருஷத்தில் நிதானமாக முடிக்கக்கூடிய வேலை. உங்கள் 60 டேக்குகளில் டேக் ஓவர், டேக் ஆன், டேக் ஆஃப், டேக் அப், டேக் அவுட், டேக் இன், டேக் பேக், டேக் டவுன் இவை போதும் என்பேன். மற்றவை எதிரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் கேட்ட பிரிக்கிற விவகாரம். நீளமான விதிகள் வேண்டாம். வாலில் இரண்டு சாதி இருக்கிறது. அப், டவுன், ஆஃப், அவுட், அவே, பேக் போன்றவை பெரும்பாலும் நகரக்கூடியவை. டர்ன் ஆஃப் தி லைட் என்றும் சொல்லலாம், டர்ன் தி லைட் ஆஃப் என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் இட் வந்தால் அது கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும்: டர்ன் இட் ஆஃப். டர்ன் ஆஃப் இட் என்பது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் இல்லை. தெம், ஹிம், மீ எல்லாவற்றுக்கும் இதே கதி: பிக் மீ அப், கால் தெம் பேக். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே நீங்கள் பேசுவது பாதி சரியாகிவிடும். எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நடுவில் திணிக்காதீர்கள். 'போன வாரம் அவர்கள் அனுப்பிய ஆஃபரை' நிராகரித்ததைச் சொல்லும்போது டர்ன் டவுன் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பின்னால் விடுங்கள், இல்லாவிட்டால் டவுன் வருவதற்குள் கேட்பவருக்கு டர்ன் மறந்துபோகும்.

இன்னொரு சாதி ஆஃப்டர், ஃபார், இன்டு, அட், டு, வித், ஃப்ரம், அக்ராஸ். இவை அசையாது. லுக் ஆஃப்டர் ஹிம், லுக் ஃபார் இட், ரன் இன்டு ஹர். இங்கே நடுவில் எதையும் நுழைக்க முடியாது. வம்பு செய்வது இன், ஆன், ஓவர், த்ரூ என்ற நால்வர்தான், இடத்துக்கு ஏற்றபடி கட்சி மாறுவார்கள். டேக் இட் ஓவர் என்று பிரியும், கெட் ஓவர் இட் என்று பிரியாது. எனக்குப் பிடித்த ஜோடி ஸீ த்ரூ. ஸீ த்ரூ ஹிம் என்றால் அவனுடைய நடிப்பு எனக்குத் தெரிந்துவிட்டது, ஸீ இட் த்ரூ என்றால் ஆரம்பித்த வேலையைக் கடைசிவரை விடாமல் முடிப்பது. ஒரே இரண்டு சொல், இடம் மாறியதும் அர்த்தமே வேறு. மூன்று சொல் வந்தால் (புட் அப் வித், லுக் ஃபார்வர்டு டு, கெட் அவே வித்) பொதுவாகப் பிரிக்காதீர்கள். லுக் ஃபார்வர்டு டு-வுக்குப் பின்னால் வினை வந்தால் மீட்டிங், ஹியரிங் என்று ஐஎன்ஜி வடிவத்தில் வரும், மின்னஞ்சல்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சந்தேகம் வந்தால், மொழி கற்பவர்களுக்கென்றே போடும் ஆங்கில அகராதிகளைப் பாருங்கள். அவற்றில் சம்திங் என்பதன் சுருக்கத்தை நடுவில் போட்டிருந்தால் பிரியும், கடைசியில் போட்டிருந்தால் பிரியாது. சிலவற்றில் இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி இருக்கும், அப்படியானால் இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

மீட்டிங்கில் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி காது சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன், அர்த்தம் சம்பந்தப்பட்டதே அல்ல. பிக் இட் அப் என்று மூன்று சொல்லாக யாரும் உச்சரிப்பதில்லை. பிக்கிட்டப் என்று ஒரே சொல்லாக வரும், அமெரிக்கர் வாயில் அது பிக்கிடப் போல இன்னும் மெலிந்துவிடும். டர்னிட்டாஃப், வொர்க்கிட்டவுட், கெட்டவுட் எல்லாம் இப்படித்தான். கேட்டால் புதுச் சொல் மாதிரி இருக்கும், எழுதிக் காட்டினால் 'அட, இதுவா' என்பீர்கள். நமக்கு இது அந்நியமும் இல்லை, உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று பள்ளியில் படித்த அதே புணர்ச்சிதான், கண்ணும் அழகும் சேர்ந்து கண்ணழகு ஆவது போல. ஆகவே படிக்கும்போதே வாய்விட்டு, ஒட்டிச் சொல்லிப் படியுங்கள். கூடவே அழுத்தத்தையும் கவனியுங்கள். நகரக்கூடிய வால் அழுத்தமாக ஒலிக்கும், டர்ன் இட் ஆஃப் என்பதில் ஆஃப் ஓங்கிக் கேட்கும். நகராத சாதியில் பெரும்பாலும் வால் அமுங்கிவிடும், லுக் அட் இட் என்பதில் அட் காதில் விழுவதே அபூர்வம். பெயர்ச்சொல்லாக மாறும்போது அழுத்தம் முன்னால் போய்விடும், எழுத்திலும் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும் அல்லது நடுவில் சிறு கோடு வரும்: ப்ரேக்டவுன், பேக்கப், செட்டப், செக்கப், நாக்கவுட், ரன்னவுட். இதையெல்லாம் நீங்கள் தமிழ்ப் பேச்சிலேயே வருஷக்கணக்காகப் புழங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பெயரைப் பிரித்து வினையாக்கினால் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கை, மின்னஞ்சலில் 'ப்ளீஸ் லாகின்' என்று வினையை ஒட்டி எழுதாதீர்கள், வினையாக வரும்போது லாக், இன் இரண்டும் தனித்தனி.

இவற்றைத் தொடாமலே ஓட்டிவிட முடியாதா என்கிறீர்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஹீப்ரு பேசும் மாணவர்கள் ஃப்ரேசல் வெர்ப்களைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினைகளையே நாடுகிறார்கள் என்று டாகுட், லாஃபர் இருவரும் 1985-லேயே எழுதியிருக்கிறார்கள். பேசுவதைப் பொறுத்தவரை பெரிய தப்பு ஒன்றுமில்லை. புட் ஆஃப் வராவிட்டால் போஸ்ட்போன் சொல்லுங்கள், கால் ஆஃப் வராவிட்டால் கேன்சல் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் பேசுவதை உங்களால் தேர்ந்தெடுக்க முடியாதே. அதனால் புரிந்துகொள்வதற்கு 150, வாயால் சொல்வதற்கு ஒரு 30 என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்க நினைப்பதால்தான் நிறைய பேர் பாதியில் விடுகிறார்கள். க்ரோ அப், ஃபைண்ட் அவுட், கிவ் அப், லாக் இன் போன்றவற்றுக்குப் பதிலாக இயல்பாக ஒலிக்கும் ஒற்றைச் சொல் சுலபத்தில் கிடைக்காது, அந்த முப்பதில் இவை வந்துவிட வேண்டும். ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை, எழுத்தில் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். கேரி அவுட், செட் அப், பாயின்ட் அவுட் மூன்றும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அரசு அறிக்கைகளிலும் சர்வ சாதாரணம்.

தவிர்ப்பதைவிடத் தேவையில்லாமல் ஒட்டுவதுதான் நம்மிடையே அதிகம். கோப் அப் வித் என்று ஒன்று கிடையாது, கோப் வித் மட்டும்தான். கீப் அப் வித், கேட்ச் அப் வித் என்று கேட்டுக் கேட்டு அந்த அப் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். டிஸ்கஸ் அபவுட்டில் அபவுட் வேண்டாம். ஆஃப் தி லைட் என்பது 'ஆஃப் பண்ணு' என்ற தமிழின் நேரடி வாரிசு, ஆங்கிலத்தில் இந்த அர்த்தத்தில் ஆஃப் தனியாக வினையாகாது, டர்ன் அல்லது ஸ்விட்ச் முன்னால் வர வேண்டும். அப்புறம் கல்லூரிப் படிப்பை முடித்ததைப் பாஸ் அவுட் என்று இந்தியாவில் சொன்னால் புரியும், வெளிநாட்டவரிடம் சொன்னால் படிப்பு முடியும் நாளில் நீங்கள் மயங்கி விழுந்ததாக நினைப்பார்.

பட்டியலில் நீங்கள் டேக் பார்ட், டேக் எ ப்ரேக், டேக் ஃபார் க்ரான்டட் எல்லாவற்றையும் டேக் ஆஃப்-ஓடு சேர்த்துப் போட்டிருந்தால் அதையும் பிரித்து வையுங்கள், வேறு ரகம். டேக் எ ப்ரேக் என்பது ஓய்வெடு, டேக் எ போட்டோ படமெடு, தமிழிலும் 'எடு'தான், பிரச்சினையே இல்லை. முடிவெடு என்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் மேக் எ டிசிஷன்தான் பரவலாக வரும், பிரிட்டிஷ்காரர்கள் டேக் என்றும் சொல்வார்கள். டேக் ஃபார் க்ரான்டட் போன்ற மரபுத்தொடர்கள் உறைந்துபோனவை, உள்ளே ஒரு சொல்லை மாற்றினால் உடைந்துவிடும். 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் ஓடிவிட்டான், 'நீளமான கம்பியை நீட்டிவிட்டான்' என்றால் ஏதோ கட்டட வேலை. அதனால் மரபுத்தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் படியுங்கள், சொல்ல அவசரப்படாதீர்கள். தப்பாகச் சொன்ன ஒரு மரபுத்தொடர், சொல்லாமல் விட்ட பத்தைவிட அதிகமாகக் கவனத்தை இழுக்கும். பூனையும் நாயுமாக மழை கொட்டும் அந்தப் பிரபல தொடர்கூடப் பாடப்புத்தகங்களில் கொட்டுகிற அளவுக்கு நேர்ப்பேச்சில் கொட்டுவதில்லை.

தினசரி வேலை இதுதான். மீட்டிங்கிலோ மின்னஞ்சலிலோ சப்டைட்டிலோடு பார்க்கும் தொடரிலோ ஒரு ஃப்ரேசல் வெர்ப் எதிர்ப்பட்டால், அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். வெறும் புட் ஆஃப் என்று எழுதாதீர்கள், தே புட் தி மீட்டிங் ஆஃப் என்று எதை ஒத்திப்போட்டார்கள் என்பதோடு எழுதுங்கள். அர்த்தத்தை முதலில் வாலிலிருந்து ஊகியுங்கள், அப்புறம் அகராதி. ஊகம் தப்பினாலும் பரவாயில்லை, ஊகித்துத் தப்பியது நன்றாக நிற்கும். அந்த வாக்கியத்தில் வந்த அர்த்தம் ஒன்று மட்டும் போதும், அகராதியில் இருக்கும் மற்ற நாலையும் கூடவே இழுத்துவராதீர்கள், அவை வரும்போது வரட்டும். ஒரே நாளில் டேக் ஆன், டேக் இன், டேக் அவுட் மூன்றையும் எழுத வேண்டாம், நடுவில் சில நாள் விடுங்கள். மறுநாள், பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து, வாலை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வால் தானாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம். உங்கள் பழைய பட்டியல் இங்கேதான் உதவும்: நேரில் சந்தித்த தொடர்களுக்கு அதில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறு மாதம் கழித்தும் டிக் விழாதவற்றை நிம்மதியாக அடித்துவிடலாம்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. இந்திய ஆங்கிலத்தில் பஸ்ஸிலிருந்து கெட் டவுன் என்பது ரொம்ப சாதாரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நமக்குள் பேசும்போது அப்படியே பேசலாம். ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்கக் காதுக்குக் கெட் டவுன் என்பது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே இறங்குவது, அல்லது தலைக்கு மேலே ஏதோ பறந்து வரும்போது 'குனி' என்று கத்துவது. உங்கள் ஆள் பஸ் கூரையிலிருந்து நீங்கள் இறங்குவதைக் கற்பனை செய்திருப்பார். பஸ், ரயில், விமானம், கப்பல் மாதிரி உள்ளே எழுந்து நடக்க இடமிருக்கும் வண்டிகளில் ஏறுவது கெட் ஆன், இறங்குவது கெட் ஆஃப். கார், டாக்ஸி மாதிரி குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிகளுக்குக் கெட் இன், இறங்கும்போது கெட் அவுட் ஆஃப் தி கார் (இந்த ஆஃப் ஒற்றை எஃப் போட்டது). சைக்கிள், பைக், குதிரை மூன்றிலும் மேலே உட்காருவதால் மறுபடி ஆன், ஆஃப். ஆகவே அடுத்த முறை ஐ காட் ஆஃப் தி பஸ் என்று சொல்லுங்கள், நடுவில் ஃப்ரம் வேண்டாம்.